நேரம் எழுதாத பெட்டி

பூட்டைச் செய்து கொடுத்துவிட்டு, சாவி எங்களிடம் இல்லை என்று சத்தியம் பண்ணுவதுதான் எங்கள் தொழில். ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என்று பேரெடுத்து, சோறு தின்னவும் நேரமில்லாமல் எல்லோருக்கும் பதில் சொல்லும் பாவிகளே, உங்களுக்கு என் பாடு விளங்கும்.

பன்னிரண்டு சொற்கள்

கரைத்தீவில் நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டி செய்தோம். வீட்டுக்கொன்று, வள்ளத்துக்கொன்று. டவரும் வேண்டாம், கம்பனியும் வேண்டாம். ஒரு பெட்டிக்கு இரண்டு மூன்று மைல் கிட்ட இன்னொன்று போனால், அதிலுள்ள செய்தியை வாங்கிக் கரைசேர்க்கும். சுமக்கிறவர் வாசிக்க முடியாது. உரியவர் தன் பன்னிரண்டு சொற்களை அடித்தால்தான் திறக்கும். எங்கே, எப்போது எழுதியது என்றும் பதியாது. யாரும் யாரையும் வேவு பார்க்கக் கூடாதென்று அதை எடுத்துவிட்டவன் நான்தான். அதில் எனக்குப் பெரிய பெருமை வேறு.

பள்ளிவாசல்துறை நிசார் நானா தன் சொற்களைப் பெண்சாதிக்கும் காட்டவில்லை. எழுதியாவது வையுங்கள், மறந்தால் எங்களாலும் திறக்க ஏலாது என்றேன். "மனசுக்குள்ள இருக்கிறத எதுக்குத் தம்பி கொப்பியில எழுத?" என்றார்.

பழசா, புதுசா

நானா வள்ளத்தோடு கடலில் காணாமல் போனார். எட்டு நாள் ஊரே தேடியது. ஒன்பதாம் நாள் பகல், மீனுக்குப் போன வள்ளம் ஒன்று கரைக்கு வர, அதிலிருந்த பெட்டி நானாவின் பெண்சாதி றஹீமா ராத்தாவின் பெட்டிக்கு ஒரு செய்தி கொடுத்தது. நானா எழுதியது: "எஞ்சின் நிண்டுட்டுது. வாறன், கதவப் பூட்டாதீங்க."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இன்னும் உயிரோடு இருந்து எழுதியதா, முதல் நாளே எழுதி எந்த வள்ளத்திலாவது தங்கிக் கிடந்ததா? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா கிடக்கவில்லை. பழசாத்தான் இருக்கும் என்றேன். ராத்தா மட்டும் "எங்க நிக்கிறீங்க?" என்று பதில் எழுதி அனுப்பினார். தேடல் அன்றோடு நின்றது. நானாவின் தம்பி தன் வள்ளத்தைக் கரையில் இழுத்துக் கட்டியபடி சொன்னார்: "பெட்டி செஞ்ச நீங்களே சொல்றீங்க, அப்ப சரிதான்."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்

இரண்டு கிழமையில் நானாவின் ஜனாஸா கரையொதுங்கியது. அடக்கினோம். மௌத்தான புருசனுக்காக ராத்தா இத்தா இருக்கத் தொடங்கினார். நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்கள் முன்னால் வரமாட்டார். ஒரு பகல் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். திரைச்சீலைக்கு வெளியே கதிரையில் இருந்தேன். சீலைக்கு அடியால் பெட்டியைத் தள்ளிவிட்டார்.

அவர் அனுப்பிய பதிலுக்குப் பக்கத்தில், அடக்கிய நாளில் இல்லாத 'வாசித்தாயிற்று' என்ற குறி வந்திருந்தது. நானாவின் பெட்டியில் பன்னிரண்டு சொற்களையும் அடித்தால் மட்டும்தான் அது வரும். வேறு வழி நாங்கள் வைக்கவில்லை. நாங்கள் தேடலை நிறுத்திய பிறகுதான் அதை வாசித்திருக்கிறார். எவ்வளவு பிறகு என்பதைத்தான் பெட்டி எழுதவில்லை.

சீலைக்குப் பின்னாலிருந்து ராத்தா மெதுவாகக் கேட்டார்: "மௌத்தாக முந்தி வாசிச்சாரா தம்பி, பிந்தி வாசிச்சாரா?"

புதிய பெட்டிகளில் நேரம் பதியவும் வழி வைத்திருக்கிறோம், வேண்டுமா வேண்டாமா என்பதை அவரவரே தீர்மானிக்கலாம், என் பெட்டிக்கு நான் வேண்டாமென்று தீர்மானித்துவிட்டேன்.