சிறுத்தை வூடு

இங்கே காலையில் என்னை எழுப்புவது ஒரு பூனை குழாயைத் தட்டும் சத்தம். முகம் கழுவும் தொட்டிமேல் நின்றுகொண்டு முன்னங்காலால் குழாய்ப் பிடியைத் தட்டும். தண்ணீர் வருகிறதா என்று குனிந்து பார்க்கும். மோட்டார் போடாத நேரமென்றால் வராது. உடனே திரும்பி என்னைத் திட்டும். அது மியாவ் என்று கத்தாது. குருவிச் சத்தத்துக்கும் எண்ணெய் காணாத கதவுச் சத்தத்துக்கும் நடுவில் ஒன்று. மலேசியாவில், கிள்ளானில் நான் வளர்த்த பூனைகள் வாளியைக் கண்டாலே ஓடும். மழையில் நனைந்துவிட்டால் அது என் குற்றம் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதுவோ குளிக்கும்போது கதவைப் பிராண்டி உள்ளே வந்து, தலையில் சொட்டும் தண்ணீரை ரசித்துக்கொண்டு உட்காருகிறது. தண்ணீர் தாராளமாக ஓடும் ஊரில் தண்ணீருக்குப் பயந்த பூனைகள். தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் திருவொற்றியூரில் எனக்கு வாய்த்தது இப்படி ஒன்று.

என் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் இருந்தபோதுதான் எங்கள் திருமணம் நடந்தது. அத்தைக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, மூட்டு முடியாமல் போகவே, எண்ணூர்ப் பக்கம் வேலை தேடிக்கொண்டு அவருடைய ஊருக்கு வந்தோம். அப்போது இனியா என் வயிற்றில் இருந்தாள். இப்போது அவளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. கணவரின் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு மஸ்கட் போகும்போது, கூட்டிப்போக முடியாத பூனையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். "உனக்குத்தான் பூனைன்னா உயிராச்சே, கொஞ்சம் பொழுது போகும்" என்று சொல்லிக்கொண்டே கூடையைத் திறந்தார் கணவர். பொன் நிறத்தில் கறுப்புப் புள்ளிகள், கண்ணைச் சுற்றி மை தீட்டிய கோடு, தோள் அசைய அசைய ஒரு நடை. பெங்கால் என்ற கலப்பினமாம். காட்டில் வாழும் சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு சேர்த்து, பல தலைமுறை தாண்டி வந்தது. நான் அதற்குத் தீத்திக் என்று பெயர் வைத்தேன். மலாயில் புள்ளி என்று பொருள்.

அந்தச் சிறுத்தைப் பூனை எனக்குப் புதியதல்ல. எங்கள் ஊரில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் எலி பிடித்துத் திரியும், மலாயில் 'கூச்சிங் பத்து' என்கிற பூனை அதுதான். கோலசிலாங்கூர்ப் பக்கம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய அப்பா, அந்தி நேரத்தில் வரிசைகளுக்கு நடுவே ஒன்று கடந்து போனதைப் பார்த்ததாகச் சொல்வார். நின்று ஒரு பார்வை பார்த்ததாம், பிறகு போய்விட்டதாம். "நம்மள ஒரு ஆளாவே மதிக்கல" என்று ஒவ்வொரு முறையும் அதே வியப்போடு முடிப்பார். தீத்திக் முதல் நாள் குளிர்பெட்டிமேல் ஏறி நின்று என்னைப் பார்த்தது அப்படித்தான் இருந்தது.

எதிர்வீட்டு ரோசி அக்கா காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறவர். எங்கள் மாடியில் அவர் சொல்வதுதான் சட்டம். கம்பிக்கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே இது?"

"பூனைதான்க்கா. பெங்கால்."

"பெங்கால்னா கல்கத்தாவா? அதான் மீன் வாசனைக்கு இப்டி அலையுது." சிரித்துவிட்டு மறுபடி பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "மூஞ்சப் பாரு, சிறுத்தக் கொய்ந்த மாரி கீது. வூட்ல பச்சப்புள்ளய வெச்சிகினு இதப் போயி எவளாவது வளப்பாளா?"

விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. நான் படித்தவள், கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். ஒரு பக்கத்தில் குழந்தைகளோடு நன்றாகப் பழகும் என்றிருந்தது. இன்னொன்றில் அனுபவமில்லாதவர்களுக்கு ஏற்றதல்ல என்றிருந்தது. அனுபவம் என்று எதைச் சொல்கிறார்கள்? மூன்று பூனை வளர்த்தது கணக்கில் வருமா? கழுத்தில் மணி கட்டினேன், எங்கிருக்கிறது என்று தெரிய வேண்டுமே. மணிச் சத்தத்துக்கு அதுவே வெறிபிடித்தாற்போல ஓடியது, அவிழ்த்துவிட்டேன். இனியாவின் கையில் ஒரு கீறலைப் பார்த்து ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கே போன பிறகுதான் அத்தை தொலைபேசியில், கொடியில் இருந்த கிளிப்பைப் பிடுங்கும்போது கிழித்துக்கொண்டாள் என்றார். ஆனாலும் ஊசி போட்டுவிடலாமா என்று கேட்டேன். மருத்துவர் என்னையே நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மெல்லத்தான் புரிந்தது. அதற்கு இருந்தது கோபம் அல்ல, செய்ய வேலையில்லாத அலுப்பு. திரைச்சீலையைக் கிழித்த நாட்கள் எல்லாம் நான் விளையாட்டுக் காட்டாத நாட்கள். கணவரின் பழைய தூண்டில் கோலில் துணிப்பந்தைக் கட்டி வீடு முழுக்க ஓடவிட்டேன். சுவரில் பாதி உயரம் வரை ஏறி, காற்றிலேயே திரும்பி, பந்தைக் கவ்வி என் காலடியில் கொண்டுவந்து போடும். நாய்தான் அப்படிச் செய்யும் என்று நினைத்திருந்தேன். களைத்த பிறகு இனியாவின் பாய் ஓரத்தில் படுக்கும். அவள் காதைப் பிடித்து இழுத்தால் நகத்தை உள்ளே வைத்துக்கொண்டு பாதத்தால் அவள் கன்னத்தைத் தள்ளும், அவ்வளவுதான். அப்போதும் நான் அவள்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எங்கள் கட்டடத்து போர்வெல் தண்ணீர் உப்பு. சமைக்கவும் குடிக்கவும் லாரித் தண்ணீர்தான். விசேஷம் உள்ள வீட்டுக்கு மற்ற வீடுகளெல்லாம் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு ஒரு குடம் கொடுப்பது இங்கே வழக்கம். ரோசி அக்கா மகள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல்முறை நற்கருணை வாங்குகிறாள், அன்று புதுநன்மை விருந்து. சனிக்கிழமை காலையே எல்லாரும் கொண்டுவந்து கொட்டி, நடைபாதையில் இருந்த நீல டிரம் நிறைந்து நின்றது. நானும் என் குடத்தை ஊற்றினேன். ஊற்றிவிட்டு, இனியாவின் செருப்பை எடுக்கக் கதவைத் திறந்தேன். கால்களுக்கு நடுவே புள்ளிகள் பாய்ந்தன. மூடி போடாத டிரம். தொப்பென்ற சத்தம். எட்டிப் பார்த்தால் தீத்திக் நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது. இனியா கைதட்டினாள்.

ரோசி அக்கா போட்ட கூச்சலில் மூன்று மாடியும் கூடிவிட்டது. பிரியாணிக்கு வைத்த தண்ணீரில் பூனைமுடி மிதந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த லாரி திங்கட்கிழமைதான்.

கிள்ளானில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை உடைத்துவிட்டால், அதைவிட நல்ல தொட்டியாக வாங்கிக் கேட்டுக்குள் வைத்துவிட்டு வருவோம். அதோடு முடிந்தது. அதே நினைப்பில்தான் சொன்னேன், முடிந்த அளவு பணிவாக: "மன்னிச்சிருங்க அக்கா. எத்தனை வாட்டர் கேன் வேணுமோ இப்பவே போன் பண்ணி இறக்கச் சொல்றேன்."

ரோசி அக்காவின் முகம் மாறியது.

"இன்னா, கேன் வாங்கிப் போட்றியா? துட்டு கீதுன்னு காட்றியா? இத்தினி பொம்பளைங்க லைன்ல நின்னு, இடுப்பு ஒடிய தூக்கினு வந்த தண்ணிமே இது!" பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "தா நைனா, நாளைக்கு விசேசம் முடிஞ்சதும் அந்தச் சிறுத்த இங்க இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

மீஞ்சூரில் தோட்டம் வைத்திருக்கும் தெரிந்தவரிடம் கணவர் பேசினார். அவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, எனக்குள் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. இனி இனியாவைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் துண்டில் சுற்றிய ஈரப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை.

அத்தை கட்டிலில் இருந்தபடியே கேட்டார். "ஏம்மா, படிச்சவ நீ, உனுக்குத் தெரியலியா? தண்ணிக்குத் தண்ணியா குடுக்கணும். நீ நின்னு புட்ச்சாந்து ஊத்தணும். பின்னாடி தெருவுக்கு சாயங்காலம் லாரி வரும், போ."

"அது நம்ம தெரு இல்லையே அத்தை. விடுவாங்களா?"

"கேட்டாத்தான தெரியும்."

இனியாவை அத்தையிடம் விட்டுவிட்டு இரண்டு குடங்களோடு போனேன். அதுவரை நான் ஒருநாளும் லாரி வரிசையில் நின்றதில்லை, கணவர்தான் பிடிப்பார். வரிசையில் என் குடத்தை யாரோ காலால் ஓரமாகத் தள்ளினார்கள்.

"யாரும்மா நீ? எந்த வூடு?"

"பக்கத்துத் தெரு. நான் மலேசியா."

"ஏன், மலேசியால தண்ணி வரலியா? இங்க வந்து புடிக்கிற?"

எல்லாரும் சிரித்தார்கள். திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு நடந்ததை அப்படியே சொன்னேன். எங்கள் பூனை ரோசி அக்காவின் விருந்துத் தண்ணீரில் விழுந்துவிட்டது, நான் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று.

"அட, சிறுத்த வூடா நீ!" என்றாள் ஒருத்தி. "டிரம்முல நீச்சல் அட்ச்சிதாமே? மத்தியானமே தெரியும்." மறுபடி சிரிப்பு. இந்த முறை நானும் சிரித்தேன். "எங்க புள்ளைங்கல்லாம் பாக்கணும்னு அடம் புடிக்குதுங்க. எங்க வூடு ரொம்பினதும் நீ வெச்சிக்கோ. ரோசி வூட்டு விசேசமாச்சே." என் குடத்தைத் தள்ளிய அதே கால் அதை வரிசைக்குள் இழுத்துவிட்டது.

எத்தனை நடை நடந்தேன் என்று நினைவில்லை. புடவை தொடை வரை நனைந்து ஒட்டியது. ரோசி அக்கா டிரம்மைக் கழுவி வைத்திருந்தார். நான் ஊற்றுவதை வெங்காயம் உரித்தபடி பார்த்தார். டிரம் முக்கால் வந்தபோது மாடிப்படித் திருப்பத்தில் என் கால் தடுமாறியது. படியிறங்கி வந்த ரோசி அக்கா குடத்தை வெடுக்கென்று வாங்கித் தன் இடுப்பில் வைத்தார்.

"குடத்த கட்டிப் புட்ச்சிகினு வர்றா பாரு, புள்ளயத் தூக்கினு வர மாரி. உங்க ஊர்ல இடுப்பே கெடையாதா?"

"இருக்குக்கா. குடம்தான் கிடையாது."

அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். மேலே போய் ஊற்றிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "தண்ணி வர்ற நேரத்துல கட்டிப் போடு அத. அவ்ளோதான் சொல்லுவேன்."

"அப்ப மீஞ்சூருக்கு...?"

"மீஞ்சூரு எதுக்குமே? அங்க ஆருக்குத் தெரியும் அத?"

ஞாயிற்றுக்கிழமை விருந்து நடைபாதை முழுக்கப் பரவியிருந்தது. வெள்ளைக் கவுன் போட்ட மகளோடு படம் எடுத்துக்கொண்ட உறவினர்களிடம் ரோசி அக்கா என்னைக் காட்டி, "இது எங்க சிறுத்த வூட்டுப் பொண்ணு" என்றார். பிள்ளைகள் கேட்டதற்காகத் தீத்திக்கை மார்ப்பட்டையும் வாரும் மாட்டி வெளியே கூட்டி வந்திருந்தேன். மீன் வாசனைக்கு அது நேராக அவர் வாசலுக்குத்தான் போனது. இனியா அதன் வாலைப் பிடித்தபடி பின்னால் போனாள். நான் தடுக்கப் போய், தடுக்கவில்லை.

அப்போதுதான் கிள்ளானிலிருந்து அம்மா அழைத்தார். இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை போலும்.

"என்னம்மா இவ்ளோ சத்தம்? எங்க இருக்கே? வெளியவா?"

"இல்லம்மா. வீட்லதான் இருக்கேன்."

யோசிக்காமல் வந்துவிட்டது. அம்மாவிடம் பேசும்போது வீடு என்றால் எப்போதும் கிள்ளான் வீடுதான். இந்த ஊருக்கு 'இங்கே' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். மறுமுனையில் அம்மா "வீட்லயா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு, "சரிம்மா, சாப்பிடு" என்றார். தொலைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். தீத்திக்கின் முன்பாதி ரோசி அக்காவின் நிலைப்படிக்கு அந்தப் பக்கமும் பின்பாதி இந்தப் பக்கமுமாக இருந்தது. என் கையில் இருந்த வாரை இழுக்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை.