ஆமாங்க சொல்லும் மலையில் கடைசி நாள்

காலையிலேயே பெட்டியைக் கட்டிவிட்டேன். கட்டி முடித்த பிறகுதான் பல் துலக்கும் பிரஷ் உள்ளே போய்விட்டது தெரிந்தது. அவிழ்த்து, எடுத்து, மறுபடி கட்டினேன். ஊருக்குக் கிளம்புகிற நாள் வந்தாலே எனக்குக் கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம்.

ஏற்காட்டை என்னவென்று சொல்வது என்பதே இரண்டு வாரமாகக் குழப்பம். நான் பிறந்தது, வளர்ந்தது, கணக்கு டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றது எல்லாம் மலேசியாவில். அதனால் இது வெளிநாடு. லாட்ஜ் கவுண்டரில் இருந்த தம்பியும் அதையேதான் சொன்னார். வெந்நீர் வரவில்லை என்று நான் சுத்தத் தமிழில் சண்டை போட்டு முடித்ததும், "மேடம், நீங்க ஃபாரினர்ங்க, பாஸ்போர்ட்டு இன்னொரு தடவை குடுங்க" என்று பணிவாகக் கை நீட்டினார். ஆனால் அப்பா இந்த மலையில் பிறந்தவர். அப்படியானால் இது சொந்த ஊர். சொந்த ஊரில் யாராவது மொபைலில் வழி பார்த்து நடப்பார்களா? நான் நடந்தேன்.

மீசை முளைக்கும் முன்பே கப்பல் ஏறிப் போனவர் அப்பா. ஊரைப் பற்றி அவர் எங்களிடம் சொன்னது கொஞ்சம்தான். ஊர் நாகலூர். வீட்டுக்குப் பின்னால் பலா மரம், முன்னால் உட்கார்ந்துகொள்ளத் தோதாக ஒரு பாறை. அதற்கு மேல் கேட்டால் சிரிப்பார். அவருக்கு இன்னொரு குணமும் உண்டு, 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. வாசலில் துடைப்பம் விற்க வந்தவரிடமும் "ஆமாங்க, வேணுமுங்க" என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டுப் பின்கட்டு முழுக்கத் துடைப்பம் அடுக்கியிருக்கும். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். எங்கள் தெருவிலேயே அந்த 'ங்க' அப்பா ஒருவர் வாயில்தான் இருந்தது. எனக்கும் அக்காவுக்கும் அது ஒட்டவே இல்லை.

போன வருடம் அப்பா இறந்தார். கடைசி மாதங்களில் மலேசியாவையே மறந்துவிட்டார். தினமும் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு அக்காவிடம், "ஊட்டுக்குப் போலாமா கண்ணு?" என்பார். அக்காவும் தினமும், "நாளைக்குப் போகலாம்பா" என்பாள். அந்த 'நாளைக்கு' அக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அவளுக்கு இதயம் பலவீனம், விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீயாவது போய் அப்பா வீட்டைக் கண்டுபிடிச்சுப் பாத்துட்டு வந்துடு. நான் அவர ஏமாத்துன மாதிரி இருக்குடி" என்றாள். அதற்காகத்தான் நான் வந்தேன்.

வந்த மறுநாளே வீடு கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, காபித் தோட்டத்து ஓரமாக நடந்து, பலா மரத்தையும் பாறையையும் ஒரே இடத்தில் பார்த்ததும் அங்கேயே நின்று அழுதேன். நான் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. என் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அழவைக்கிறவள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு கணவனும் மனைவியும் ஓடி வந்தார்கள். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பாறையில் உட்காரவைத்து, வெல்லம் போட்ட வரக்காப்பி கொடுத்தார்கள். நான் கேட்டேன், அவர்கள் பதில் சொன்னார்கள்.

"உங்கப்பாவோடு பிறந்தவர் யாராவது சின்ன வயசிலேயே வெளிநாடு போனாங்களா?"

"ஆமாங்க, ஒரு சித்தப்பாரு போனாருங்க."

"கப்பல்லயா? மலேயாவுக்கா?"

"ஆமாங்க, கப்பலுதானுங்க. மலேயாதானுங்க."

அப்பாவின் பெயரையும் சொன்னேன். அதுவும் ஆமாம் என்றார்கள். அது இந்த மலைச் சாமியின் பெயர். தடுக்கி விழுந்தால் அந்தப் பெயர்க்காரர் ஒருவர் மேல்தான் விழ வேண்டும். எனக்கு அப்போது அதெல்லாம் உறைக்கவில்லை. பெரியப்பா மகன் என்றால் அண்ணன், அவர் மனைவி அண்ணி. அன்று சாயங்காலத்துக்குள் 'டீச்சருங்க' போய் 'அம்மிணி' ஆகிவிட்டேன். அறுபது வயதுக்கு மேல் ஒருவருக்குத் தங்கச்சியாவது சாதாரண விஷயமா? இரண்டு வாரமும் பகலெல்லாம் அங்கேதான் கிடந்தேன்.

ஆனால் அக்காவிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் கூப்பிடும்போதெல்லாம் "தேடிட்டிருக்கேன்" என்றேன். விடையைச் சரிபார்க்காமல் அடிக்கோடு போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. பலவீனமான இதயத்துக்கு ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு பிடுங்கக் கூடாது. "கடைசி நாள் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடு, முடிவாச் சொல்றேன்" என்று சொல்லிவைத்தேன். அந்தக் கடைசி நாள்தான் வந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் சேலத்துக்கு இறங்க வேண்டும்.

விடைபெற்று வரலாம் என்று நாகலூர் பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் சுற்றுலா வந்த இளம் ஜோடி ஒன்று. அந்தப் பெண் பக்கத்தில் இருந்த உள்ளூர்க்காரரிடம், "வியூ பாயிண்ட் இங்க இறங்கினா பக்கம்தானே?" என்றாள்.

"பக்கம்தானுங்க."

"அஞ்சு நிமிஷத்துல போயிடலாம்ல?"

"போயிரலாமுங்க."

அவர்கள் சந்தோஷமாக இறங்கினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த இடத்துக்குப் போன வாரம் நான் நடந்திருக்கிறேன். ஏற்றத்தில் நாக்குத் தள்ளிவிட்டது. எனக்கும் யாரோ பக்கம்தானுங்க என்றுதான் சொல்லியிருந்தார்கள். பஸ் கிளம்பியதும் அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, அவ்வளவு தூரத்தைப் போய் பக்கம் என்கிறீர்களே?"

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "பக்கமா இருக்கோணும்னு ஆசைப்பட்டுக் கேக்கறாங்க. மூஞ்சியப் பாத்துத் தூரமுன்னு எப்படிங்க சொல்றது?" என்றார்.

அதற்கு மேல் எனக்கு ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. ஆமாங்க, கப்பலுதானுங்க. ஆமாங்க, மலேயாதானுங்க. ஒவ்வொரு பதிலும் யார் வாயிலிருந்து முதலில் வந்தது? கப்பல் என்று சொன்னது நான். மலேயா என்று சொன்னது நான். அப்பாவின் பெயரைச் சொன்னதும் நான்தான். விடையைக் கேள்வியிலேயே எழுதிக்கொடுத்துவிட்டு, நூற்றுக்கு நூறு என்று இரண்டு வாரம் குதித்திருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வினாத்தாள் தயாரித்தவள் செய்கிற வேலையா இது? என்னையே நான் அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அண்ணி அன்று எஸ்டேட் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார். எனக்காகச் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் செய்திருந்தார். மரத்தில் பழுத்த பலாவை அறுத்து, கையெல்லாம் எண்ணெயோடு சுளை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா கண்ணு, நீ வந்ததும் இல வெட்டிரலாமுன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றார். சாப்பிட உட்கார்ந்தேன். கேட்காமல் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஏழு மணிக்கு அக்கா கேட்பாளே. அவளுக்கு நான் எதைச் சொல்வது? பொறுக்க முடியாமல் வகுப்பில் காப்பியடித்தவனைப் பிடிக்கிற தந்திரத்தை எடுத்தேன்.

"அண்ணா, எங்கப்பாவுக்கு இடது கையில் ஆறு விரல். பெரியப்பா அதைப் பற்றிச் சொல்லியிருப்பாரே?"

அண்ணன் தயங்கவே இல்லை. "ஆமாங்க அம்மிணி, சொல்லுவாருங்க. ஆறு வெரலுன்னு சின்னதுல நொம்பக் கேலி பண்ணுவாங்களாம்."

அப்பாவுக்கு இரண்டு கையிலும் ஐந்தைந்து விரல்தான்.

இலையில் கையை வைத்தபடியே அதைச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. "எதுக்காக என்னிடம் பொய் சொன்னீங்க? நான் உங்களிடம் என்ன கேட்டேன்? தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த வீட்டில் கேட்டிருப்பேனே" என்று கத்தினேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். காது சிவந்துவிட்டது அவருக்கு. அண்ணிதான் பலாச்சுளைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மொத நாளு ஊட்டைப் பாத்து அப்படி அழுதீங்க. அழுவுறவங்களைப் பாத்து இது உங்க ஊடு இல்லீங்கன்னு எப்படிங்க சொல்றது? அன்னிக்கு ஆமாங்கன்னுட்டோம். அப்புறம் தெனமும் நீங்க வந்தீங்க. நாங்களும் நீங்க வர்ற நேரத்தைப் பாத்துட்டு நிக்க ஆரம்பிச்சுட்டோம். அப்புறம் எங்கீங்க சொல்றது?"

'கண்ணு' போய் 'நீங்க' வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். பொய்யை விட அதுதான் வலித்தது.

"அப்ப உங்களுக்கு அப்படி ஒரு சித்தப்பாவே கிடையாதா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"ஒருத்தரு போனாருங்க. அது நெசந்தானுங்க. எங்க போனாருன்னு எங்கப்பாவுக்கே தெரியாதுங்க. சிலோனும்பாங்க, பம்பாயிம்பாங்க. மலேயாவாவும் இருக்கலாமுங்க. இல்லவே இல்லீன்னு எப்படிங்க அடிச்சுச் சொல்றது?"

இதைக் கேட்டு நான் தெளிய வேண்டுமா, இன்னும் குழம்ப வேண்டுமா? பொய் என்றாவது முடிவாகியிருந்தால் கோபத்தோடு கிளம்பியிருப்பேன். அதற்கும் வழியில்லை. இருக்கலாமுங்க. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாலும் இந்த மலையில் எல்லா வீட்டுக்குப் பின்னாலும் பலா மரம் நிற்கும், எல்லா வாசலிலும் ஒரு பாறை கிடக்கும். எல்லாரும் ஆமாங்க என்பார்கள்.

மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன். வீணாக்க மனம் வரவில்லை. சுவையாகவும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். கிளம்பும்போது இருவரும் பஸ் நிறுத்தம்வரை வந்தார்கள். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் அண்ணி ஒரு துணிப்பையை என் கையில் திணித்தார். உள்ளே கழுவிக் காயவைத்த பலாக்கொட்டை. "மலேசியாவுல இருக்கற பெரியம்மிணிக்குங்க. சுட்டுத் திங்கச் சொல்லுங்க" என்றார்.

"விமான நிலையத்தில் விடமாட்டாங்க அண்ணி" என்றேன். சொன்ன பிறகுதான் அண்ணி என்று கூப்பிட்டுவிட்டது தெரிந்தது. அவர் முகம் மலர்ந்தது. "விடலீன்னா அங்கியே போட்டுரு கண்ணு" என்று சொல்லி என்னை ஏற்றிவிட்டார்.

லாட்ஜுக்குத் திரும்பி, பையை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் ஒரு கைக்குட்டைக்குக்கூட இடமில்லை. கீழே கவுண்டரில் இருக்கும் தம்பிக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பிறகு அக்காவிடம் சொல்லப்போவதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். 'தேடினேன்க்கா. ஒரு வீடு கிடைச்சுது. ஆனா அது அப்பா வீடுன்னு உறுதியாச் சொல்ல முடியலை.' நேர்மையான வாக்கியம். கணக்கு டீச்சருக்குப் பொருத்தமான வாக்கியம்.

சொன்னபடி அக்கா கூப்பிட்டாள். திரையில் அவள் முகம். குளித்து, நல்ல சேலை கட்டி, பொட்டு வைத்து, பின்னால் அப்பா படம் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"பின்னாடி பலா மரம் இருக்காடி?"

"இருக்குக்கா." அது உண்மைதான்.

"முன்னாடி பாறை?"

"இருக்கு. அதுமேல உக்காந்து காப்பி குடிச்சேன்." அதுவும் உண்மை.

அக்கா மூச்சை இழுத்துவிட்டாள். "அதான் அப்பா வீடு, இல்லையா? அங்க நம்ம ஆளுங்க இருக்காங்கதானே? உன்ன நல்லா வச்சுக்கிட்டாங்கதானே?"

கேள்வியிலேயே விடையை எழுதிவிட்டாள். என் நேர்மையான வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு நின்ற அப்பாவிடம் 'நாளைக்குப் போகலாம்பா' என்று தினமும் அவள் எப்படிச் சொன்னாள் என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

"ஆமாங்க்கா" என்றேன். "அப்பா வீடுதானுங்க்கா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள்.

"அப்பா மாதிரியே சொல்றியேடி" என்றாள்.

போனை வைத்த பிறகும் எனக்கு எதுவும் தெளியவில்லை. பெட்டியை மறுபடி அவிழ்த்து, இரண்டு சேலைகளை வெளியே எடுத்துவைத்துவிட்டு, பலாக்கொட்டைக்கு இடம் பண்ணினேன்.