கொடிக்குப் போன கட்டுத்துணி

சுதந்திர நாளுக்கு முதல் நாள், காஜா பேராங் ஊரில் எங்கள் வீட்டில் கொடி தைத்துக்கொண்டிருந்தேன். சிவப்புக் கோடுகளுக்கு இடையே வரும் வெள்ளைக் கோடுகளுக்குத் துணி போதவில்லை.

"மருந்துப் பெட்டியில கட்டுத்துணி சுருள் சுருளா இருக்கே, அதை எடும்மா. நாளைக்கு யாருக்கு என்ன ஆகப்போவுது?" என்றார் என் கணவர். எடுத்துத் தைத்துவிட்டேன்.

அன்று மாலையே, கொடிக்கு மூங்கில் வெட்டும்போது பாராங் கத்தி அவர் பாதத்தில் இறங்கியது. பெட்டியைத் திறந்தால் கத்தரிக்கோல்தான் கிடந்தது. பதற்றத்தில் காயத்தில் காப்பித்தூளை அப்பி, அடுப்படித் துணியால் கட்டினேன். சீழ் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சகோதரிகளே, இப்போது எங்கள் மருந்துப் பெட்டி நிறைந்திருக்கிறது. வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை. வாசலில் கிடக்கும் அவருடைய செருப்புகளில் ஒன்றுதான் தேய்கிறது. மற்றது வாங்கியபடியே புதிதாக இருக்கிறது.