ஓசி டீச்சர்

அந்தப் பள்ளிக்கூடத்தில் கணினி சொல்லிக்கொடுக்கும் அம்மாவுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு, யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவர் ஓசி டீச்சர். பாடம் முழுவதையும் காசில்லாமல் கிடைக்கும் கட்டற்ற மென்பொருளிலேயே நடத்தியதற்குக் கிடைத்த பட்டம் அது.

"ஓசி இல்லீங்க. கட்டற்றதுன்னா பூட்டு இல்லாதது. பிள்ளைங்க வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகலாம், திறந்து பார்க்கலாம், மாத்திக்கலாம்" என்று பெற்றோர் கூட்டங்களில் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். "அதாவது ஓசி" என்று முடித்துவைப்பார் தலைமையாசிரியர். இந்த மனிதருக்குக் காது எதற்கு இருந்ததோ தெரியவில்லை.

டீச்சரின் வகுப்பில் ஒரு சட்டம். புதிதாக எதை நிறுவினாலும், திரையில் வரும் நிபந்தனைகளை யாராவது உரக்க வாசிக்க வேண்டும். அப்புறம்தான் 'ஏற்கிறேன்' பொத்தான். "படிக்காம சம்மதிச்சுட்டுப் பின்னால அழாதீங்க" என்பார். பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டே வாசிப்பார்கள்.

அவருடைய மகளும் அங்கே படித்தவள்தான். கட்டற்ற மென்பொருளில் அவள் வரைந்த படங்கள்தான் கூட்டங்களில் டீச்சருக்குச் சாட்சி. "என் பொண்ணே இதுலதான் வரையுறா" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாயைத் திறப்பதில்லை.

அந்த மகள் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனாள். படங்களைப் பார்த்துச் சொக்கிப்போனவர்கள், ஒரு கணினி முன்னால் உட்காரவைத்து ஒரு படத்தைத் திருத்தித் தரச் சொன்னார்கள். அதில் இருந்தது விலை கொடுத்து வாங்கும் மென்பொருள். அவள் கை தேடிய இடத்தில் எந்தப் பொத்தானும் இல்லை. கொடுத்த நேரம் தேடலிலேயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உன் கொள்கைக்கு நான்தான் கிடைச்சேனாம்மா?" என்றாள்.

எந்தக் கூட்டத்திலும் எந்தக் கேள்விக்கும் அசராதவர் டீச்சர். ஆனால் பதில்கள் எல்லாம் ஊராருக்காகத் தயார் செய்தவை. பெற்ற பெண்ணுக்காக அல்ல. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அந்த விலை மென்பொருளை அவரே மகளின் கணினியில் இறக்கினார். நிபந்தனைகள் பக்கம் பக்கமாகத் திரையில் விரிந்தன. டீச்சர் ஒரே இழுப்பில் அடிக்குப் போய் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினார்.

பின்னால் நின்ற மகள் மெதுவாகக் கேட்டாள். "படிக்கலியாம்மா?"

"படிச்சா அழுத்த மாட்டேன்டி."