சேட்டுப் பைக்குள் வைத்த திருநீறு

இதை எழுத வேண்டும் என்று பேனையை எடுப்பதும், பிறகு எழும்பிப் போய்ச் சுவாமி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவதுமாகச் சில வருஷங்கள் போய்விட்டன. நான் அதிகம் படித்தவன் அல்ல. உரும்பிராயில் வெங்காயமும் மரவள்ளியும் வைத்துச் சீவிக்கிறவன். காலையில் ஒரு தேவாரம் பாடிவிட்டுத் தோட்டத்துக்குப் போவேன். ஆனால் படிப்பில்லாததால் நான் தயங்கவில்லை. இதை எழுதினால் எங்கள் மகனின் கதை முடிந்துபோனது என்று நானே கையெழுத்து வைத்தது போலாகிவிடும் என்று பயந்தேன்.

போன மாதம் கோயில் மடத்தில் ஆட்கள் கூடியிருந்து அடுத்த பஸ் பயணத்தைப் பற்றிக் கதைத்தார்கள். அப்போது ஒரு பெடியன், "ஊர் பாக்க வந்து கடை பாக்கிற ஆக்களை இந்த முறை ஏத்தக்கூடாது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது சொன்னாள்: "இஞ்சாருங்கோ, எழுதப் போறன் எழுதப் போறன் எண்டு திரியிறியள். எழுதுங்கோவன். உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ."

அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகன். சண்டைக் காலத்தில் வன்னியில் இருந்த என் மச்சாள் வீட்டுக்கு நெல்லு வெட்ட உதவிக்கென்று போனான். போன இடத்தில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் பாதை பூட்டுப்பட்டது. பிறகு எல்லாம் முடிந்து சனங்கள் முகாம்களில் இருந்து வெளியே வந்தபோது மச்சாள் வந்தாள், அவளுடைய பிள்ளைகள் வந்தார்கள். அவன் வரவில்லை. கடைசியாக ஒரு பதுங்குகுழியடியில் தண்ணீர் எடுக்கப் போனவனைக் கண்டதாக மச்சாள் சொன்னாள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. நாங்கள் போகாத இடமில்லை, கேட்காத ஆளில்லை.

பாதை திறந்து நாட்டு நிலைமை சீரான பிறகு, எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்துப் பயணம் போகும் வழக்கம் வந்தது. அதை யாத்திரை என்றும் சொல்லலாம், உல்லாசப் பயணம் என்றும் சொல்லலாம். கதிர்காமத்தில் கும்பிடுவோம், கண்டியில் பூங்கா பார்ப்போம், நுவரெலியாவில் குளிரில் நடுங்குவோம். பின் சீற்றில் கிடாரமும் அரிசி மூட்டையும் வரும். உரும்பிராயில் புறப்படும் பஸ் நெல்லியடி ஆட்களையும் ஏற்றிக்கொண்டுதான் தெற்கே போகும். அப்படி ஏறுகிறவர்களில் பள்ளிக்கூட வேலையில் இருந்து இளைப்பாறிய மாஸ்டர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், சைவப் பழம். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி நின்று அந்த இடத்தின் பழங்கதையை எங்களுக்கு விளக்கிச் சொல்லுவார்.

அவர் விளக்கம் சொல்லும் நேரத்தில்தான் என் மனைவி காணாமல் போவாள். கண்டியில் எல்லோரும் வாவியைச் சுற்றி நடக்கும்போது அவள் கடைத்தெருவுக்குள் நுழைந்துவிடுவாள். பஸ் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்த பிறகு, ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வருவாள்.

"வழி விடுங்கோ, வழி விடுங்கோ, அக்கா கண்டியை வாங்கிக்கொண்டு வாறா!" என்று பின் சீற்றில் இருந்து குரல் வரும்.

"கண்டியை முழுக்க வாங்கிப்போட்டியளோ, எங்களுக்கும் மிச்சம் வைச்சியளோ?" என்று ஒரு மனுசி கேட்பாள்.

"மிச்சம் கிடக்கு, போய்ப் பார்" என்பாள் இவள். அதோடு சரி.

ஒருமுறை நுவரெலியாவில் எங்கள் பஸ் சாரதியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். "தம்பி, ஒருக்காத் திரும்பி நில்லு. ஓம், அப்பிடித்தான். கையைத் தூக்கு" என்று கடையில் எடுத்த சேட்டை, அதாவது ஆண்கள் சட்டையை, அவன் முதுகில் வைத்துத் தோள் அளவு பார்த்தாளாம். அவன் பஸ்ஸுக்கு வந்து, "அம்மா எனக்குத்தான் வாங்கித் தரப் போறா எண்டு நினைச்சன், அளவை மட்டும் எடுத்துப்போட்டு விட்டிட்டா" என்று சொல்லிச் சிரித்தான். பஸ்ஸே சிரித்தது. நானும் அதற்குள் இருந்தேன்.

முதல் பயணம் முடிந்து வந்தபோதே எனக்கு விஷயம் தெரியும். வேட்டி எடுக்க அலுமாரியைத் திறந்தேன். உள்ளே நீலக் கோடு போட்ட புதுச் சேட்டு ஒன்று, மடிப்பில் குத்திய ஊசி கழற்றாமல் இருந்தது. அவன் போகும்போது இருந்த மெலிந்த உடம்புக்கான அளவு. அடுத்த வருஷத்துச் சேட்டு கொஞ்சம் பெரிது. அதற்கடுத்தது இன்னும் பெரிது. நான் ஒரு நாள் கேட்டேன்.

"இப்ப கொஞ்சம் உடம்பு வைச்சிருப்பான் தானே" என்றாள். "உங்கடை பக்கத்து ஆம்பிளையள் முப்பதுக்குப் பிறகு தோள் அகலுற ஆக்கள்."

நான் போகிற கோயில்தோறும் அவன் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வேன். உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் அர்ச்சனை. ஐயர் தருகிற திருநீற்றைப் பேப்பர் சரையில் மடித்து அவளிடம் கொடுப்பேன். அவள் அதை அந்த வருஷத்துச் சேட்டின் பைக்குள் வைத்து மடிப்பாள். அவன் வந்து போடும்போது எங்கள் அர்ச்சனை அவன் நெஞ்சில் இருக்க வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். நான் கோயிலுக்குள் தேடினேன், அவள் கடைக்குள் தேடினாள். நாங்கள் இரண்டு பேரும் தேடியது ஒருவனைத்தான்.

ஒரு வருஷம் திரும்பி வரும் வழியில் மாஸ்டர் பஸ்ஸுக்குள் மைக்கை வாங்கினார்.

"நான் ஒருத்தரையும் குறிச்சுச் சொல்லேல்லை. ஆனால் ஒரு ஊருக்குப் போனால் அந்த ஊரின்ரை கோயிலைப் பாக்கோணும், மலையைப் பாக்கோணும், ஆத்தைப் பாக்கோணும். கடை எங்கடை யாழ்ப்பாணத்திலையும் கிடக்கு. இவ்வளவு தூரம் வந்து துணிக்கடைக்குள்ள நிண்டிட்டுப் போறது பண்பாடு தெரிஞ்ச ஆக்கள் செய்யிற வேலையில்லை."

சிலர் கை தட்டினார்கள். அவர் சொன்னதில் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. இறைவன் படைத்த மலையைப் பார்க்காமல் வருவது எனக்கும் குறையாகத்தான் பட்டிருக்கும், அந்தப் பைக்குள் இருந்தது என்னவென்று தெரியாவிட்டால். என் மனைவி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையை மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"என்னத்தைச் சொல்ல? மகனுக்குச் சேட்டு எண்டோ? 'இன்னுமோ' எண்டு கேப்பினம். பண்பாடில்லாதவள் எண்டு சொல்லட்டும். அதைக் கேக்கலாம். 'இன்னுமோ' எண்டதை என்னால கேக்கேலாது."

அதற்குப் பிறகு வந்த வருஷம் திருகோணமலைக்குப் போனோம். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மான்கள் நின்றன. கீழே கடல் பாறையில் அடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைக் காட்டி விளக்கம் சொன்னார். என் மனைவி கும்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போவதைக் கண்டேன். வழமைதானே என்று விட்டுவிட்டேன். மகனின் பேரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்து, திருநீற்றைச் சரையில் மடித்துக்கொண்டு அவளைத் தேடிக் கடைத்தெருவுக்குப் போனேன்.

துணிக்கடைகளில் அவள் இல்லை. தெருவின் கடைசியில் ஒரு பாத்திரக் கடைக்குள் நின்றாள். மேசை நிறைய எவர்சில்வர் கிண்ணங்கள், எல்லாம் ஒரே மாதிரி, ஒரே அளவு. கடைக்காரர் அவற்றைக் கடதாசியில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வோம். அன்று வீட்டுக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது. செத்தவரின் நினைவாக ஆளுக்கொரு கிண்ணமோ செம்போ கொடுத்து அனுப்புவோம். ஒரே மாதிரிக் கிண்ணத்தை இவ்வளவாக வாங்குவதற்கு வேறு காரணம் கிடையாது. வாசலிலேயே எனக்குக் கால் நின்றுவிட்டது.

கடைக்காரர் கேட்டார்: "பேர் வெட்டோணுமோ அம்மா? இப்பவே வெட்டித் தரலாம்."

"வேண்டாம்" என்றாள். "பேர் அவனோடையே இருக்கட்டும்."

பிறகுதான் என்னைக் கண்டாள். "யாழ்ப்பாணத்தில வாங்கினால் ஆரின்ரை அந்தியேட்டி எண்டு கேப்பினம்" என்றாள், நான் ஏதோ கேட்டது போல. "இஞ்சை ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

நான் கையில் இருந்த திருநீற்றுச் சரையை நீட்டினேன். அந்த வருஷம் வைக்கச் சேட்டு இல்லை. அவள் சரையை வாங்கினாள். பிறகு ஒரு கிண்ணத்துக்குள் போட்டு, மேலே இன்னொரு கிண்ணத்தைக் கவிழ்த்தாள்.

"களைச்சுப்போனன்" என்றாள். "அவனும் களைச்சிருப்பான். எங்கடை எதிர்பார்ப்பையும் அவன் சுமக்க வேண்டாம்."

மூட்டையோடு பஸ்ஸில் ஏறும்போது வழமையான குரல் வந்தது: "இந்த முறை சில்வர்க் கடையே வருது!" நான் மூட்டையை வாங்கிச் சீற்றுக்குக் கீழே வைத்தேன். யாழ்ப்பாணம் வரும்வரை ஒவ்வொரு குலுக்கலுக்கும் கிண்ணங்கள் ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் போட்டன.

செத்த நாள் தெரியாதவனுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னார். கீரிமலைக் கடற்கரையில், உடலுக்குப் பதிலாகத் தர்ப்பையால் உருவம் செய்து எல்லாம் நடந்தது. தானத்துக்கு வைக்க உடுப்பு ஏதும் இருக்கிறதா என்று ஐயர் கேட்டபோது, அவள் பையைத் திறந்து அந்தச் சேட்டுகளை எல்லாம் எடுத்து வைத்தாள். சின்னதில் இருந்து பெரிது வரை. ஒன்றும் உடுத்தினதில்லை. ஐயர் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

அந்தியேட்டி என்று அறிந்து மாஸ்டரும் அன்று வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டு எழும்பியவரின் கையில் என் மனைவி ஒரு கிண்ணத்தைக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, அப்ப அந்தத் துணிக்கடையள்..."

"ஓம் மாஸ்டர். அவனுக்குத்தான்."

"எனக்குத் தெரியாமல் போச்சே."

"நாங்கள் சொன்னால்தானே தெரியும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

பயணம் போய்க் கடை பார்க்கிறவர்கள் பண்பில்லாதவர்களா என்று என்னிடம் கேட்டால், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லுவேன். ஒருவர் எதை வாங்குகிறார், யாருக்கு வாங்குகிறார் என்று பைக்குள் கை விட்டுப் பார்க்கவா முடியும்? கடைக்குள் நின்றவளையும் கோயிலுக்குள் நின்ற என்னையும் கடவுள் ஒரே மாதிரித்தான் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன். இரண்டு பேருக்கும் அவர் கொடுத்த பதிலும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அந்தியேட்டிக்குப் பிறகு வந்த திருவிழாவில், ஐயர் தட்டை நீட்டிப் பேரும் நட்சத்திரமும் கேட்டார். என் வாய் தானாக மகனின் பேரைச் சொல்லிவிட்டது. ஐயரும் அர்ச்சனை செய்து திருநீறு தந்தார். செத்தவனுக்கு அர்ச்சனை செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். சரையாக மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வைக்க ஒரு சேட்டும் இல்லை. அது இப்போது என்னுடைய சேட்டுப் பைக்குள் இருக்கிறது. மனைவி கண்டும் காணாதது போல இருக்கிறாள்.

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொல்ல விரும்பினால் தாராளமாகச் சொல்லுங்கள். பஸ்ஸில், மடத்தில், எங்கேயும் சொல்லுங்கள். கேட்கிறவர்களின் முகம் வாடுவதைப் பார்க்கும்போது, கடைசியில் அவன் வந்து சேர்ந்தான் என்று முடித்துவிட உங்களுக்கு மனம் வரும். எனக்கும் எழுதும்போது அப்படித்தான் வந்தது. தயவுசெய்து அப்படிச் சொல்ல வேண்டாம். மாஸ்டரைக் கெட்டவராக்கவும் வேண்டாம், என் மனைவியைத் தெய்வமாக்கவும் வேண்டாம். அவள் சேட்டு வாங்கினாள், பிறகு கிண்ணம் வாங்கினாள். அதை அப்படியே சொல்லுங்கள்.