அருவிக்கரையில் ஜெயித்த தமிழ்ப் பக்கம்

எங்க இலஞ்சி ஊர்க் காளீஸ்வரியைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லுவார்கள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு மெட்ராஸ் போகத் துப்பில்லாமல் தென்காசியிலேயே ஒட்டிக்கொண்டாள் என்பார்கள். நான் வேன் ஓட்டுகிறவன். கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

வயல்காரக் குடும்பத்துப் பெண். தென்காசியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கிற கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் உள்ள விஷயத்தைத் தொடாமல், எழுத்து, படம், அமைப்பை மட்டும் மாற்றி, போனில் படிக்க வாகாக ஒரு ஆப் செய்து விற்கிறார்கள்.

"சும்மா கிடைக்கிறதுக்கு எதுக்குட்டி துட்டு?" என்று கேட்டேன்.

"அருவித் தண்ணியும் சும்மாதான் விழுது அண்ணாச்சி. நீங்க வேனுக்கு வாடகை வாங்கலையாக்கும்?" என்றாள்.



சென்னைத் தலைமை ஆபீஸ் வரைந்த பக்கம் இங்கிலீஷுக்கு வரைந்தது. பாதித் திரைக்குப் படம். அதன் கீழே செய்தித்தாள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஒடுக்கமாக ரெண்டு பத்தி. நம்ம வார்த்தை நீளம், அதில் அடங்காது. பாதியில் அறுந்து அடுத்த வரியில் தொங்கும். காளீஸ்வரி படத்தைச் சுருக்கினாள். ஒரே பத்தியாக்கி, வரிக்கு வரி இடம் விட்டு, தமிழுக்கென்று தானே ஒரு பக்கம் செய்தாள்.

சென்னையிலிருந்து வந்த மேலதிகாரி கௌரிசங்கருக்கு அது பிடிக்கவில்லை. "தமிழ்ல இவ்வளவு நீளமா யாரும்மா படிக்கப் போறாங்க? படத்தைப் பார்ப்பாங்க, போயிடுவாங்க. ஆப்ல இருந்து தமிழையே எடுத்துடலாம்னு இருக்கோம்."

எடுத்தால் அவள் செய்த வேலை மொத்தமும் குப்பை.

"ஜனங்க கையில குடுத்துப் பாப்போம் சார். படிக்கலைன்னா நானே எடுத்துருதேன்."

அப்போது சாரல் சீசன். ரெண்டு பேரையும் நான்தான் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். மெயினருவியில் தண்ணீர் கூடிப்போய், போலீஸ் கயிறு கட்டி ஆளை நிறுத்திவிட்டது. எண்ணெய் தேய்த்த கூட்டம், குளிக்கவும் முடியாமல் கிளம்பவும் முடியாமல் மினுமினுவென்று நின்றது.

காளீஸ்வரி போனில் சென்னைப் பக்கம், கௌரிசங்கர் போனில் அவள் செய்த பக்கம்; ரெண்டிலும் யானையைப் பற்றிய ஒரே கட்டுரை. முதலில் சென்னைப் பக்கத்தைக் கொடுத்தாள். ஒருத்தர் பார்த்தார். "யானை நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்தவரும் அப்படியே.

"நான் சொன்னேன்ல?" என்றார் கௌரிசங்கர்.

காளீஸ்வரி முகம் சுண்டிப்போனது. தான் செய்த பக்கம் இருந்த கௌரிசங்கர் போனைப் பக்கத்தில் நின்ற பேராச்சியிடம் நீட்டினாள். அச்சன்புதூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற அம்மா.

"கை எல்லாம் எண்ணெயா இருக்குட்டி."

"இருக்கட்டும், வாசிங்கக்கா."

பேராச்சி முதலில் முணுமுணுத்தாள். அப்புறம் குரல் ஏறியது. "ஏட்டி, இங்கன வாங்க! தும்பிக்கையில எலும்பே கிடையாதாம்! எலும்பில்லாததா எங்க தென்னைய முறிச்சுட்டுப் போவுது?"

"பொய்யா இருக்கும்" என்றான் ஒருத்தன்.

"நீ வாசிடே பாப்போம். யானை உன் தோப்புக்கா வருது, என் தோப்புக்கா?"

சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. "மேல வாசிங்க மதினி" என்று அவள் வீட்டுப் பெண்கள். பேராச்சி நிமிர்ந்தாள். "வயித்துல குட்டியை இருவத்திரண்டு மாசம் சுமக்குதாம்! நான் பத்து மாசத்துக்கே ஊரைக் கூட்டிட்டேன். பாவம்ட்டி, ரெண்டு மரம் திங்கட்டும்!"

கூட்டமே சிரித்தது. கௌரிசங்கர் கையை நீட்டினார். "அம்மா, போன்..."

"சும்மா இருங்க சார். இன்னும் முடியலைல்லா."

அந்த நேரம் பார்த்து விசில் ஊதிக் கயிற்றை அவிழ்த்தார்கள். மொத்தக் கூட்டமும் ஓட்டம். "மதினி, வாரியளா இல்லையா? திரும்ப அடைச்சிருவான்!" என்று கத்தினார்கள்.

"நீங்க போங்கட்டி. இன்னும் கொஞ்சந்தான்."

எண்ணெய் வடிய அவள் மட்டும் நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். கௌரிசங்கர் அவளைப் பார்த்தார், அருவியைப் பார்த்தார். கடைசியில் தலையைச் சொறிந்தார். "காளீஸ்வரி, தமிழ் இருக்கட்டும். சென்னைப் பக்கத்தைத் தூக்கிட்டு உங்களுதையே போட்டுடுவோம்."

"நெசமாவா சார்?"

"அந்தம்மா போனைத் தரட்டும், இப்பவே ஆபீஸுக்குக் கூப்பிட்டுச் சொல்லிடுறேன்."

காளீஸ்வரி காத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றி என் கையில் திணித்தாள். கட்டியிருந்த துணியோடு, அருவி சத்தத்தையும் மீறிக் கூவிக்கொண்டு, தண்ணீருக்குள் ஓடினாள்.