பாதியில் நின்ற கொட்டு

மலையாள தேசத்துத் தலைநகரில், கிள்ளிப்பாலம் பக்கம் கேட்டும் கிரில்லும் அடிக்கிற பட்டறைகளுக்குக் குறைவே இல்லை. அதில் ஒன்றில் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பீடி பிடிக்கிற சொரிமுத்துவைப் பார்த்தால், இவன் முகம் போட்ட பனியனைப் பெங்களூரில் பையன்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டு அலைந்தார்கள் என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டீர்கள். அலைந்தார்கள் ஐயா. நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவன் அப்பா சுடலைக்கண்ணு, அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு இங்கே வந்தவர். மகனுக்கு மீசை அரும்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கோமதியம்மாள் ஓட்டலில் மாவரைத்துப் பிள்ளையை வளர்த்தாள். அவனுக்குப் பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ், திட்டுவதற்கு மட்டும் இரண்டும். படிப்பு ஏறவில்லை. பட்டறைக்குப் போனான், கை திருந்தியது, பிழைத்துக்கொண்டான். அத்தோடு கதை முடிந்திருக்கும், ஸ்ரீவராகத்து சாய் ஒருநாள் வீட்டு கேட்டுக்குக் கீல் மாற்ற வந்திருக்காவிட்டால்.

சாய் அக்கிரகாரத்துப் பையன். டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் வேலை. சொரிமுத்து ஒரு வளைந்த தகட்டைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தான். சாய் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றான்.

"எதுக்கு சார் படம் பிடிக்கிய?"

"படம் இல்லே. சத்தமாக்கும்."

ஆளுக்கு ஏதோ கழன்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் சொரிமுத்து. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஆள் லேப்டாப்போடும் ஒரு பெரிய ஸ்பீக்கரோடும் வந்து நின்றான். போட்டுக் காட்டினான். அடியில் ஏதோ இயந்திரம் நெஞ்சைப் பிடித்து உலுக்குகிற மாதிரி துடிக்க, அதன்மேல் தகட்டில் அடி விழுந்தது, விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. சொரிமுத்துவுக்கு மயிர்க்கூச்செடுத்தது.

"இது நானா?"

"பின்னே யாரு? நீதான்."

அப்படிப் பிறந்தது 'தகரம்' என்கிற இசைக்குழு. சாய் லேப்டாப்பையும் பெட்டிகளையும் பார்த்துக்கொண்டான். சொரிமுத்து தகடு, இரும்புக் குழாய், கட்டிங் மெஷின், கையில் எது சிக்கினாலும் அது. மூன்றாவதாக வந்தவள் சாயோடு வேலை பார்த்த ரேஷ்மி, வித்துராக்காரி, மலையாளத்துப் பெண். அவள் பாடினாள் என்று சொன்னால் அவளே சிரிப்பாள். பஸ் போகிற ஊர்ப் பெயர்களைக் கண்டக்டர் மாதிரி அடிக்குரலில் சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று ஒரு அலறல் அலறுவாள். ஈரக்குலை நடுங்கும்.

பட்டறை முதலாளி அருமைநாயகம் நல்ல மனுஷர். ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டு வேதக்கோயிலுக்கு ஜெபத்துக்குப் போய்விடுவார். ஒத்திகை என்று பெயர், பாதி நேரம் சண்டைதான். "காது இருக்காடா ஒனக்கு? அது எங்கே விழணும், நீ எங்கே அடிக்கறே?" என்று சாய் கத்துவான். "ஒம் பெட்டியை என் அடிக்குப் பின்னால வரச்சொல்லு வே" என்று சொரிமுத்து சுத்தியலை வீசுவான். ரேஷ்மி நடுவில் உட்கார்ந்து பழம்பொரி தின்பாள். அந்தச் சண்டையில்தான் பாட்டே உருவாயிற்று. ஒருவன் விட்டுக்கொடுத்தால் மற்றவனுக்குப் பிடிக்காது.

அங்கே இன்னொருவரும் வருவார். சாயின் அப்பா அனந்தபத்மநாபன். செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நவராத்திரிக் கச்சேரி ஒன்று விடாதவர். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஃபிளாஸ்கில் காப்பியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். "அங்கே கச்சேரியில அடுத்தது என்ன வரும்னு தெரியும். இங்கே ஒரு எழவும் தெரியலே. அதான் வரேன்" என்பார். சொரிமுத்து முதலில் அவரைச் "சாமி" என்றுதான் கூப்பிட்டான். "நான் என்ன கோவிலா? மாமான்னு கூப்பிடு" என்றுவிட்டார். திரும்பும்போது வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சொரிமுத்துவின் பைக்கில் பின்னால் ஏறிக்கொள்வார். வழியெல்லாம் பேச்சு, வீடு வந்தால் உள்ளே கூப்பிட்டுக் காப்பி. சாப்பிட்டாயா, அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி, ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று ஒன்று விடாமல் கேட்பார். தகப்பன் இல்லாமல் வளர்ந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அவன் மனம் முழுக்க அந்தக் கிழவர் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதல் நிகழ்ச்சி மானவீயம் வீதியில். பாதிப்பேர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். மீதிப்பேர் அசையவில்லை. அப்புறம் கொச்சி, கோவா, பெங்களூர். கோழிக்கோட்டிலும் சென்னையிலும் பையன்கள் எண்ணெய் டிரம்மையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். கேட்டால், "தகரத்தைக் கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சோம்" என்றார்கள். கோமதியம்மாளுக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. "இங்க ஒரு தட்டு கீழ விழுந்தா என்னை ஏசுத. அங்க போய் நீ தட்டுனா கை தட்டுதானுவளாக்கும்?" என்பாள்.

கடைசியில் ஐரோப்பாவிலிருந்தே அழைப்பு வந்தது. அதைப் பேசி முடிக்க சாய் பெங்களூர் போயிருந்த நேரத்தில்தான் அனந்தபத்மநாபன் காலைக் காப்பியைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார்.

ரேஷ்மி போனில் அழுதுகொண்டே சொன்னாள். சொரிமுத்து கையிலிருந்ததை அப்படியே போட்டான். தான் குடியிருக்கிற காலனிக்கு ஓடினான்.

அவன் காலனியில் வாழ்ந்து முடித்த ஒருவர் போனால், கொட்டு இல்லாமல் பாடை தெருவைத் தாண்டாது. கொட்டு இல்லாமல் போவது அனாதைப் பிணம். செத்தவருக்கு ரொம்ப வேண்டியவன், கூலிக்கு அடிக்கிறவனிடமிருந்து கம்பை வாங்கித் தானே அடிப்பான். அதைவிட மரியாதை அங்கே கிடையாது. கொள்ளி வைக்கப் போகிற மகன், அடித்தவர் எல்லோர் கையிலும், சொந்தக்காரனானாலும், ஏதாவது பணம் வைப்பான். அந்தக் கையை மறுக்கக்கூடாது. மறுத்தால் போகிற உயிருக்கு மனக்குறை. மகன் பணத்தை வைத்துவிட்டுக் கட்டிப்பிடித்து அழுவான், வாங்கியவனும் அழுவான். சொரிமுத்துவுக்குத் தெரிந்த சாவு அதுதான். மாமாவை அவன் எப்படி அனாதையாக அனுப்புவான்?

அங்கே சாவுக்கு அடிக்கிற தங்கபாண்டியின் கொட்டுச் செட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவராகம் தெருவில் போய் இறங்கினான். தோளில் அவனுடைய தகடு. தெரு பேச்சுமூச்சில்லாமல் இருந்தது. அந்தத் தெருவில் சாவுக்கு மந்திரம் உண்டு, அழுகை உண்டு, கொட்டு கிடையவே கிடையாது. மடையன், அதை யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. வாசலுக்கு எதிரே நின்று அடிக்க ஆரம்பித்தான்.

எந்த மேடையிலும் அவன் அப்படி அடித்ததில்லை என்று தங்கபாண்டி இன்றைக்கும் சொல்வான். வாசல்கள் திறந்தன. சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்தினார். சாயின் அம்மா நாகலக்ஷ்மி நிலையைப் பிடித்துக்கொண்டு விழித்தாள். சாயின் சித்தப்பா இறங்கி வந்து, "யாரு கூப்பிட்டா இவாளை? நிறுத்தச் சொல்லு!" என்று கத்தினார். சொரிமுத்துவுக்கு அது காதில் விழுந்தால்தானே.

அந்த நேரம் பார்த்து ஏர்போர்ட்டிலிருந்து டாக்சி வந்து நின்றது. சாய் இறங்கினான். முகத்தில் ரத்தமே இல்லை. சித்தப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மானம் போறது. கூலியைக் குடுத்து அனுப்புடா இவாளை" என்றார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சாய் பர்ஸை எடுத்தான். கையில் வந்த நோட்டுகளைச் சொரிமுத்துவிடம் நீட்டினான். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"போறும். போயிடுங்கோ எல்லாரும்."

நீட்டியது கொள்ளி வைக்கப் போகிறவன் கை. சொரிமுத்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இவன் என் சிநேகிதன் என்று சாய் ஒரு வார்த்தை சொல்வான் என்று கொஞ்சம் நின்றான். சொல்லவில்லை. தகட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பிறகும் காத்திருந்தான். சாயும் எதற்கோ காத்திருந்தான். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா போய் வருஷம் திரும்புவதற்குள் மேடை ஏறாதே என்று வீட்டில் சொல்லியும் கேட்காமல், முன்பே ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிக்காக சாய் கொச்சிக்கு வந்தான். ரயிலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து போனார்கள். மேடையில் விளக்கு எரிந்தது. சாயின் பெட்டி துடிக்க ஆரம்பித்தது. சொரிமுத்து இரும்புக் கம்பியை ஓங்கினான். ஓங்கிய கை இறங்கவே இல்லை. கூட்டம் காத்திருந்தது. ரேஷ்மி திரும்பிப் பார்த்தாள். சாய் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பட்டனை அமுக்கினான். முன்பு எப்போதோ பிடித்து வைத்திருந்த சொரிமுத்துவின் அடிகள் ஸ்பீக்கரிலிருந்து தடதடவென்று கொட்டின. கூட்டம் ஆர்ப்பரித்தது. இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம்.

தான் அடிக்காமலே தன் அடி கேட்பதைச் சொரிமுத்து கொஞ்ச நேரம் நின்று கேட்டான். கம்பியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். இறங்கிப் போய் பஸ் ஏறிவிட்டான்.

'தகரம்' அத்தோடு சரி. ஐரோப்பாவும் போயிற்று. பணத்தகராறு என்றார்கள், சாதி என்றார்கள், ரேஷ்மிக்காக இருவரும் அடித்துக்கொண்டார்கள் என்றுகூட எழுதினார்கள். அடப்பாவிகளா! அவள் அழுது அழுது பார்த்துவிட்டு, கல்யாணமாகி அயர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கொரோனா வந்து போனது. கோமதியம்மாளும் போனாள். அவளுக்குக் கொட்டு அடிக்கச் சொரிமுத்து ஆள் வைத்தான், தான் கம்பைத் தொடவில்லை. ஊர் அதிசயமாகப் பார்த்தது. இதற்குள் 'தகரத்தை'ப் பார்த்துக் கிளம்பிய பையன்கள் பெரிய ஆட்களாகிவிட்டார்கள். அவர்களில் ஒருவன், கொச்சியில் ஒரு விழா, மூன்று பேரும் ஒரே ஒரு தடவை வாருங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டான். ரேஷ்மி வருகிறேன் என்றாள். மற்ற இரண்டு பேரையும் நேரில் பேசச் சொல்லிப் போனிலேயே பிடுங்கி எடுத்தாள்.

சொரிமுத்து அப்போது கல்லாற்றில் ஒரு ரிசார்ட்டுக்குக் கைப்பிடிக் கம்பி போட்டுக்கொண்டிருந்தான். சாய் காரை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்தான். மத்தியானம். ஆற்றோரத்து டீக்கடை பெஞ்சு. சாய்க்கு முன்னந்தலையில் முடி கொட்டியிருந்தது. சாயின் அம்மா எப்படி, வேலை எப்படி என்று பேசித் தீர்த்தார்கள்.

பிறகு சாய்தான் ஆரம்பித்தான். "நீ ஏண்டா அன்னிக்கு வாங்கினே?"

"எதை?"

"அந்தப் பணத்தை. நான் புத்திகெட்டுப் போய் நீட்டினேன். நீ அதை என் மூஞ்சியில விட்டெறிஞ்சிருந்தா, அங்கேயே ஒன் கால்ல விழுந்திருப்பேன் கேட்டியா. நீ கண்ணுல ஒத்திண்டு வாங்கிட்டியே. கூலிக்கு வந்தவனாட்டம் வாங்கிட்டியே. அப்பறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுண்டு ஒங்கிட்ட வருவேன்?"

சொரிமுத்து பெஞ்சில் அவன் பக்கம் திரும்பினான். "கொள்ளி வைக்கவன் நீட்டுனா வேண்டாம்னு சொல்லக்கூடாது சாய். எங்க பக்கம் அப்படியாக்கும். மாமாவுக்குக் கொறையா போயிரும்லா."

சாய் அவனையே பார்த்தான். "இதை அப்பவே சொல்லப்படாதா?"

"நீ கேக்கல்லியே வே."

கடைக்காரர் டீயை வைத்துவிட்டுப் போனார். யாரும் தொடவில்லை.

"அப்போ கொச்சியில? எல்லார் முன்னாலேயும் நீ என்னைப் பழிவாங்கறேன்னு நெனச்சேன்."

"பழியா?" சொரிமுத்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "மாமாவுக்கு அடிச்சது பாதியில நின்னு போச்சு. அதுக்கப்புறம் கம்பை எடுத்தா அந்த மீதிதான் கையில வருது. வேற ஒண்ணும் வரல்ல. அதை எப்படி டிக்கெட் எடுத்து வந்தவன் முன்னால அடிக்கது? எங்க அம்மைக்கிக் கூட அடிக்க முடியல்ல. அவளுக்கு அடிச்சாலும் அது மாமாவுக்குப் போயிருமோன்னு பயம்."

சாயின் போன் அடித்தது. ரேஷ்மி. அவன் ஸ்பீக்கரில் போட்டான். என்ன ஆயிற்று என்று மலையாளத்தில் ஆரம்பித்தாள்.

"எந்தாயி? ரெண்டாளும் சம்மதிச்சோ?"

"இல்லே ரேஷ்மி. நடக்காது."

"ஐயோ, பின்னேயும் வழக்கோ?"

"சண்டை ஒண்ணும் இல்லே." சாய் சொரிமுத்துவைப் பார்த்தான். "அப்பா போன தீட்டு எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் கழியலே."

ஸ்ரீவராகத்தில் தீட்டு என்பது ரத்தத்துக்குத்தான். பெற்ற பிள்ளைக்கு உண்டு, பங்காளிக்கு உண்டு. எவ்வளவு வேண்டியவனானாலும் வெளியாளுக்குக் கிடையாது. அந்த வீட்டில் அத்தனை காலம் காப்பி குடித்த சொரிமுத்துவுக்கு அது தெரியாதா? இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தையைவிடப் பெரிய வார்த்தையாக அது வந்து விழுந்தது. பெஞ்சிலேயே குனிந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதான். அவர் செத்த அன்றைக்கு அழாத அழுகை. கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். வெட்கம் தோன்றி, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழப் பார்த்தான்.

சாய் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

"நிறுத்தாதேடா" என்றான்.